உறையில் உறையும் முருகன்

இசைத்தட்டின் உறை திறனாய்வுக்கு உரிய பொருள்தானா என்று தமிழாசிரியர்களுள் சிலர் வினவக்கூடும். பாட்டின் சொல்லை ஆராய்கிறோம், பண்ணை ஆராய்கிறோம், பாடியவர் குரலின் தகுதியைக்கூட வகுப்பில் பேசுகிறோம். தட்டைச் சுற்றியிருந்த அட்டையை மட்டும், கடலையைத் தின்றபின் எறியும் தோல்போல் கருதி விட்டுவிடுகிறோம். ஆயினும், எழுத்தறியாத பாட்டியும் எழுத்தறிந்த பேரனும் ஒருசேரக் கண்டு பழகிய படம், நம் தோட்டத்து வீடுகளில், பெரும்பாலும் இரண்டே இடங்களில் இருந்தது: ஒன்று சுவரில் தொங்கிய நாட்காட்டி, மற்றொன்று இசைத்தட்டின் உறை. ஒரு தலைமுறையின் கண்ணைப் பழக்கிய பொருளை ஆராயாமல் விடுவது முறையாகாது என்பது என் துணிபு.

என்னிடம் அறுபதுக்கும் மேற்பட்ட உறைகள் உள்ளன. சில என் தந்தையார் விட்டுச் சென்றவை. சில, தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீடு மாறிய குடும்பத்தார் தந்தவை. மற்றவை பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பழம்பொருள் விற்போரிடம் வாங்கியவை. தட்டு உடைந்தும் உறை மட்டும் எஞ்சியவை இவற்றுள் பல. ஒரு பள்ளி விடுமுறையின்போது இவற்றை மண்டபத்தின் தரையில் பரப்பி, முகாமுக்கு வந்திருந்த மாணவர்களிடம், ‘இனம் பார்த்துச் சேர்த்து வையுங்கள்’ என்று மட்டும் கூறினேன். அவர்கள் பாடகரின் பெயரைப் பார்க்கவில்லை. நிறுவனத்தின் பெயரையும் பார்க்கவில்லை. மயில்மேல் அமர்ந்த முருகன் ஒரு குவியல். வேலூன்றி நின்ற முருகன் ஒரு குவியல். இரு தேவியரோடு கூடிய முருகன் ஒரு குவியல். குழந்தை முருகன் மற்றொரு குவியல். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மயில் குவியலைச் சுட்டிக்காட்டி, “ஐயா, இவை எல்லாம் ஒரே தட்டா?” என்று கேட்டான்.

அவன் காட்டிய குவியலில் டி. எம். சௌந்தரராஜன் இருந்தார், சீர்காழி கோவிந்தராஜன் இருந்தார், சூலமங்கலம் சகோதரியர் இருந்தனர், பெங்களூர் ரமணியம்மாள் இருந்தார். ஒருவர் குரலை மற்றொருவர் குரலாக மயங்கும் தமிழர் எவரும் இலர். சீர்காழியின் குரல் வெண்கல மணி. சூலமங்கலத்தார் பாடிய கந்த சஷ்டி கவசம் இன்றும் செவ்வாய்க்கிழமைக் காலைகளில் எத்தனையோ வீடுகளில் துயிலெழுப்புகிறது. குரல் இத்தனை வேறுபட்டிருக்க, படம் ஏன் ஒன்றாயிற்று? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

முதற்கண், உறை என்னும் பொருள் நம்மிடம் வந்த வழியைச் சிறிது நோக்குவோம். நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய தட்டுகளுக்குப் படம் வரைந்த உறை பெரும்பாலும் இல்லை. பழுப்புத் தாள் ஒன்று. நடுவே வட்டமாக ஒரு துளை. அத்துளையின் வழியே தட்டின் நடுச்சீட்டைப் படித்துக்கொள்ள வேண்டும். அச்சீட்டில் ஒரு நாய் ஒலிபெருக்கிக் குழாயின் முன் அமர்ந்து செவிசாய்த்திருக்கும். பிரான்சிஸ் பராட் என்னும் ஆங்கிலேய ஓவியர் வரைந்த நாய் அது. முதலில் அவர் வேறு வகைப் பொறி ஒன்றின் முன்தான் நாயை அமர்த்தியிருந்தார். வாங்க வந்த நிறுவனத்தாரின் விருப்பப்படி அதனை அழித்து, அவர்தம் கிராமபோனை வரைந்து கொடுத்தார். வணிகம் ஓவியனின் கையைப் பிடித்து எழுதும் வழக்கம் இசைத்தட்டு உலகில் அன்றே தொடங்கிவிட்டது. நம் பெரியோர் இதனை ‘நாய் மார்க்குத் தட்டு’ என்றே அழைத்தனர். படத்தைக் கொண்டு பொருளுக்குப் பெயரிட்டனர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

உறையின்மேல் ஓவியம் தீட்டி விற்கும் முறையை 1940ஐ ஒட்டி அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர் நிலைநாட்டினார். அதே நிறுவனம் 1948இல் நெடுந்தட்டை வெளியிட்டபின், பன்னிரண்டு அங்குலச் சதுர அட்டை ஓவியர்க்குக் கிடைத்தது. நம்மிடம் நெடுந்தட்டும், அதன் தம்பியாகிய ஏழு அங்குலச் சிறுதட்டும் பரவியபோது, உறையில் எதனைப் போடுவது என்னும் கேள்வி எழுந்திருக்க வேண்டும். திரைப்படத் தட்டென்றால் விடை எளிது. நாயகனும் நாயகியும் தலைசாய்த்து நிற்கும் நிழற்படம் ஒன்று போதும். அவ்வகை உறைகளைப்பற்றி இங்கு விரித்துரைக்க ஒன்றுமில்லை. கருநாடக இசைத் தட்டென்றால் தம்புராவுடன் பாடகர். பத்திப் பாடலுக்கோ விடை ஏற்கெனவே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவர்ப்படத்தின் குலமுறை கிளத்தினால் இரவிவர்மாவிடம் போய் நிற்கும். 1848இல் பிறந்து 1906இல் மறைந்த அவ்வோவியர் 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, கோயில் கருவறையில் கல்லாய் நின்ற தெய்வங்களை, நிழலும் ஒளியும் படிந்த தசையுடலாக்கி, வண்ண அச்சில் வீடுதோறும் அனுப்பினார். ஆறுமுகனும் இரு தேவியரும் மயில்மேல் அமர்ந்த அவருடைய படம் பலர் அறிந்தது. அவர்க்குப்பின் தமிழ்நாட்டில் இத்துறைக்குத் தந்தையெனத் தக்கவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர் அவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் எழுதிய தெய்வப் படங்கள் அண்மையிலிருந்த சிவகாசியில் அச்சேறின. தீப்பெட்டிக்கும் வாணவெடிக்கும் சீட்டு அச்சிட்டு வளர்ந்த அவ்வூர் அச்சகங்கள், நாட்காட்டிகளை இலட்சக்கணக்கில் அச்சிட்டுக் கடல் கடந்தும் அனுப்பின.

இந்தத் திரைச்சீலைச் செய்தி என் போன்றோர்க்குப் பேருதவி. உறைகளில் முருகனுக்குப் பின்னே ஏன் எப்போதும் ஓர் அருவி விழுகிறது, ஏன் நீல மலைத்தொடர் ஒன்று பனியில் மங்கித் தெரிகிறது, ஏன் முன்புறத்தில் இரண்டு தாமரைகள் பூத்திருக்கின்றன என்று நெடுநாள் எண்ணியதுண்டு. அது மலையன்று, நாடகத் திரை. வனக்காட்சிக்கு ஒரு திரை, அரசவைக்கு ஒரு திரை என்று கட்டிவைத்திருந்த மரபு அது. அதே திரையின் முன் யார் வந்து நின்றாலும் பொருந்தும். ஆதலின் அந்த மலை பழனியும் ஆகும், தணிகையும் ஆகும். உண்மையில் எதுவும் ஆகாது.

முகமும் அவ்வாறே. பன்னிரண்டு வயதைத் தாண்டாத சிறுவன் முகம். ஆயின் கண்களில் வளர்ந்தோரின் அமைதி. மெல்லிய புன்னகை, நெற்றியில் மூன்று கீற்று, மார்பில் மணிமாலைகள். 1967இல் வெளிவந்த ‘கந்தன் கருணை’யில் சிவகுமார் முருகனாகத் தோன்றியபோது, ஒப்பனையாளர் நாட்காட்டியைப் பார்த்தே அவரை அலங்கரித்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். பிற்கால உறைகள் சிலவற்றில் முருகனுக்குத் திரை நடிகரின் சாயல் ஏறியிருப்பதையும் காண்கிறோம். படம் நடிகனை ஆக்க, நடிகன் படத்தை ஆக்கிய விந்தை இது.

இனி, ஒத்திருப்பது குற்றமா என்னும் கேள்விக்கு வருவோம். மேலைநாட்டிலும் உறைகள் ஒன்றையொன்று ஒக்கின்றன. 1956இல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் நெடுந்தட்டில் பெயரை இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் எழுதியிருந்தனர். 1979இல் கிளாஷ் என்னும் குழுவினர் தம் உறையில் அதே நிறத்தை அதே இடத்தில் எழுதினர். பீட்டில்ஸ் நால்வரும் வீதியைக் கடக்கும் 1969ஆம் ஆண்டு உறையைப் பார்த்துப் பலர் வீதியைக் கடந்துவிட்டனர். ஆனால் அங்கே பின்னவன் முன்னவனைச் சுட்டிச் சிரிக்கிறான், ‘கண்டுகொண்டாயா?’ என்று பார்ப்பவனைக் கேட்கிறான். நம் உறைகளில் அத்தகைய சுட்டு இல்லை, சிரிப்பும் இல்லை. (இடையே ஒன்று: அதே பீட்டில்சாரின் 1967ஆம் ஆண்டு உறையில், புகழ்பெற்ற பலர் கூடி நிற்கும் கூட்டத்தில் காந்தியடிகளும் இருப்பதாக முதலில் ஏற்பாடு, இந்தியாவில் விற்பனை கெடுமென்று நிறுவனத்தார் அஞ்சியதால் அவர் நீக்கப்பட்டார். வணிகத்தின் கை அங்கும் நீளமே.)

நம் உறைகளின் ஒப்புமைக்கு வேறு காரணம் உண்டு. அதனை நான் நூலிற் படித்து அறியவில்லை. என் தாயாரிடம் அறிந்தேன். எங்கள் வீட்டிலிருந்த சிறுதட்டு ஒன்று, நான் இரண்டாம் வகுப்பில் பயின்றபோது, என் கைதவறி உடைந்தது. தந்தையார் என்னைக் கடிந்துகொண்டிருக்கையில், தாயார் உறையை எடுத்து ஈரத்துணியால் துடைத்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். மறுநாள் முருகன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அவ்வுறை இன்று என்னிடம் உள்ளது. குங்குமம் அட்டையில் ஊறி, பாடகர் பெயரின் முதலிரண்டு எழுத்துகளை மறைத்துவிட்டது. அந்த உறைக்கு உரியவர் பாடகரல்லர் என்பதை இதனினும் தெளிவாக எந்தத் திறனாய்வாளரும் எழுதிவிட முடியாது.

மாடத்தில் வைக்கும் படம் புதிதாக இருத்தலாகாது. நேற்றுவரை வணங்கிய முகமே இன்றும் இருத்தல் வேண்டும். இதனை வடிவமைப்போர் அறிந்திருந்தனர். மேலும், நான் கண்ட பழைய உறைகளுள் பெரும்பாலானவற்றில் எழுத்து ஆங்கிலத்திலேயே இருந்தது. பால்மரம் வெட்டிச் சம்பளம் வாங்கிய நாளில் பட்டணம் சென்று தட்டு வாங்கியவர்க்கு அவ்வெழுத்து ஒரு கோலம், அவ்வளவே. அவர் படத்தைப் படித்தார். மயிலும் வேலும் சேவலும் அவர்க்கு மூன்று எழுத்துகள். எழுத்தின் வடிவத்தை ஆளுக்கு ஆள் மாற்றினால் படிப்பது எங்ஙனம்? ஆதலின் இந்த ஒப்புமையை வறுமை என்று இகழ்வோர், இலக்கணத்தை வறுமை என்று இகழ்வோரே ஆவர்.

இவ்வளவும் உறைகளின் சார்பில் கூறினேன். இனி என் குறையைக் கூறுகிறேன்.

முருகனைப் பாடிய தமிழ்மரபு இடத்தை மறந்து பாடியதில்லை. திருமுருகாற்றுப்படை ஒரு வழிகாட்டு நூல். ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு நிலம், ஒரு கோலம், ஓர் ஓசை வைத்தது அது. பழமுதிர்சோலையின் அருவி மலையினின்று எவற்றையெல்லாம் புரட்டிக்கொண்டு இழிகிறது என்பதைக் காட்டியே நக்கீரர் நூலை முடிக்கிறார். அது திரைச்சீலை அருவியன்று. பழனியில் அவன் கோவணத்து ஆண்டி. செந்தூரில் அலைவாய் நின்ற வீரன். பரங்குன்றில் குடைவரையில் அமர்ந்த மணவாளன். சுவாமிமலையில் தந்தைக்கே ஆசான். அருணகிரிநாதர் ஊர் ஊராய் நடந்து ஒவ்வோர் ஊரின் பெயரையும் பாட்டின் ஈற்றில் பதித்தார். பாட்டு இவ்வாறு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அதே பாட்டைத் தாங்கிய உறை, ஆண்டியையும் வீரனையும் ஆசானையும் ஒரே மயில்மேல் ஏற்றி ஒரே அருவியின் முன் நிறுத்திவிட்டது. செவிக்கு ஆறு வீடு. கண்ணுக்கு ஒரு வீடு. இலக்கணம் என்று முன்னர்ப் போற்றியது, இங்கே எல்லாப் பொருளுக்கும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

இது தவிர்க்க முடியாததன்று என்பதற்கு நம் மக்களிடையே சான்று உண்டு. நாகூர் இ. எம். ஹனிபா அவர்களின் பாடல்களைத் தாங்கி வந்த உறைகளையும் ஒலிப்பேழை அட்டைகளையும் பாருங்கள். இறைவனுக்கு உருவம் எழுதும் வழக்கம் இஸ்லாத்தில் இல்லை; ஆதலால் ஓவியர் இடத்தையே எழுத வேண்டியதாயிற்று. மனாராக்களும் குவிமாடமும் பிறையும் எழுந்தன. அன்னை வேளாங்கண்ணிப் பாடல்களிலும் வெண்ணிறக் கோபுரங்கள் மாதாவின் பின்னே தவறாமல் நிற்கின்றன. அவ்வுறையைக் கண்ட மாணவன் இன்ன ஊர் என்று சொல்லிவிடுவான். முருகன் உறையைக் கண்டு ஊர் சொல்ல எவராலும் இயலாது.

நம் பத்துமலைக்கு நேர்ந்தது என்ன? இக்கதை ஒப்புமையில் தொடங்கியது. கோலாலம்பூரில் 1873இல் மகாமாரியம்மன் கோயிலை எழுப்பிய தம்புசாமிப் பிள்ளை, இச்சுண்ணாம்புக் குன்றின் குகைவாயை நோக்கியபோது, அது ஒரு வேலின் வடிவாய் இருக்கக் கண்டார் என்பர். 1890இல் அங்கே முருகன் எழுந்தருளினான். 1892 முதல் தைப்பூசம் நிகழ்ந்து வருகிறது. பாறை பிளந்த இருட்டில் வேலின் இலையைக் கண்ட அந்தக் கண்ணை நான் இந்நாட்டின் முதல் தமிழ் ஓவியக் கண் என்பேன்; அவர் தூரிகையைத் தொட்டதில்லை என்பது வேறு செய்தி. பெயரிலும் ஓர் ஒப்புமை உண்டு. மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல். நம் செவி அதனை எண்ணுப்பெயராகக் கேட்டு, ஆறுபடை வீட்டிற்குமேல் கணக்குப் போட்டு, பத்தாவது மலை என்று உறவு கொண்டாடிற்று. கண் செய்த மயக்கத்தைக் காதும் செய்தது. இரண்டும் இனிய மயக்கங்கள்.

ஓர் உறை ஓவியனுக்கு இதைவிட எளிய கொடை எது? ஒரு கருநிற வேலிலை, அதனைச் சுற்றி வெண்சாம்பல் பாறை, கீழே படிகள். முகமே வேண்டா. ஆயினும் என்னிடமுள்ள உறைகளில் பத்துமலையின் பெயர் தாங்கிய பழையவற்றுள் ஒன்றிலேனும் அக்குகைவாய் இல்லை. பெயர் பத்துமலை, படம் கோவில்பட்டி. மயில், அருவி, தாமரை. 272 படிகளேறி மூச்சிரைக்க நின்று, கூரைப் பிளவின் வழியே ஒளி தூணாக இறங்குவதைக் கண்டவர்கள் வாங்கிய தட்டு அது. கண்டதற்கும் வாங்கியதற்கும் தொடர்பில்லை. அதுபற்றி அவர்களுள் எவரும் குறைபட்டதாக நான் கேட்டதில்லை. எனக்கு உறுத்துவது அந்த மௌனமே. நம் மண்ணைப் பார்த்து எழுதிய படம் நமக்கு வேண்டியதாக இல்லை. கடல் கடந்து வந்த படமே சாமிப் படம் என்னும் தகுதி பெற்றிருந்தது. இதே மனப்பாங்கை நம் எழுத்திலும் கண்டிருக்கிறோம். இரப்பர்த் தோப்பின் நடுவே வாழ்ந்துகொண்டு தென்றலையும் பொதிகையையும் பாடிய தொடக்கக் காலக் கவிதைகளை மாணவர்க்கு விளக்குகையில் எனக்கு இவ்வுறைகளே நினைவுக்கு வருகின்றன.

1978இல் கே. சங்கர் இயக்கிய ‘வருவான் வடிவேலன்’ வெளிவந்தது. இசை மெல்லிசை மன்னர் விசுவநாதன். பத்துமலையில் படமெடுத்து, பத்துமலையையே பாடும் கூட்டுப் பாடல் ஒன்றையும் அதில் வைத்தனர். திரையில் நம் படிகளையும் நம் குன்றையும் கண்டபோது பெரியவர்கள் கொட்டகையில் எழுந்து கைகூப்பியதாக என் மாமா சொல்வார். நாள்தோறும் பேருந்தில் கடந்துபோன குன்று, தமிழ்நாட்டுப் படத்தில் தோன்றியபின்தான் கும்பிடத்தக்க படமாயிற்று. அப்பாடல் இன்றும் தைப்பூசத்தன்று ஒலிக்கிறது. செவிக்குப் பத்துமலை கிடைத்துவிட்டது. கண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதற்குள் உறையின் அளவு சுருங்கிவிட்டது. இதனை ஒரு கணக்காகவே மாணவர்க்குக் கொடுப்பேன். நெடுந்தட்டின் உறை ஏறத்தாழ 31 சென்டிமீட்டர்ச் சதுரம். பரப்பு 960 சதுர சென்டிமீட்டர் அளவு. ஒலிப்பேழையின் முகப்பு 10க்கு 6½, பரப்பு 65. ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கே தேறியது. வீடு இத்தனை சிறுத்தால் தட்டுமுட்டுகளைக் குறைத்தே ஆகவேண்டும். முதலில் தாமரை போயிற்று, பின்னர் அருவி, தேவியர் இருவரும் ஓரத்திற்கு ஒதுங்கிப் பின் காணாமற்போயினர். மயிலின் உடல் மறைந்து தோகை மட்டும் எஞ்சி, முருகன் தலைக்குப் பின்னே ஒளிவட்டமாயிற்று. முகம் மட்டும் பெருத்தது. போதாக்குறைக்குப் பாடகரும் தம் நிழற்படத்தை ஒரு மூலையில் வட்டமாக ஒட்டிக்கொண்டார். அக்காலத்துப் பேழை அட்டைகள் சிலவற்றில் முருகனும் பாடகரும் ஒரே புன்னகை புரிந்துகொண்டிருப்பர். பின்னர் வந்த குறுந்தட்டு சற்றே பெரிய இடம் தந்தது. ஆயின் அதற்குள் கை பழகிவிட்டது.

2006ஆம் ஆண்டு சனவரியில் படியின் அருகே 42.7 மீட்டர் உயரமுள்ள பொன்னிற முருகன் நின்றான். திருவாரூர்ச் சிற்பி தியாகராஜன் அமைத்த திருவுருவம் அது. அதன் தெய்வப் பொலிவைப்பற்றி எனக்கு மாறுபாடில்லை. மாணவர்களை அழைத்துச் சென்ற ஒவ்வொரு முறையும் நானும் கைகூப்பியே நின்றேன். படமாக நோக்கும்போது மட்டும் ஒன்று தோன்றுகிறது. நாட்காட்டியிலிருந்து உறைக்கும், உறையிலிருந்து பேழைக்கும் சுருங்கிக்கொண்டே வந்த அந்த நின்ற கோலம், அந்தப் பொன்மேனி, அந்தப் புன்னகை யாவும் திடீரென்று வீங்கிக் கற்காரையில் எழுந்துவிட்டன. பாறைக்கு முன்னே நாட்காட்டி நிற்கிறது. அன்று முதல் பத்துமலைப் பாடல் என்று வெளிவரும் எதன் முகப்பிலும் அச்சிலையே. கீழே நின்று மேல்நோக்கி எடுத்த நிழற்படம். சட்டம் முழுதும் பொன். குகைவாய் சட்டத்திற்கு வெளியே போய்விடுகிறது. 2018இல் படிகளுக்குப் பலநிறம் தீட்டியபின், சிலைக்கு அருகே ஒரு வானவில்லும் சேர்ந்தது. பாறையைத் தேடும் கண்ணுக்கு அதுவும் ஓர் இடையூறு.

முன்னர்ப் பெயர் நம்முடையது, படம் அவர்களுடையது. இப்போது படம் நம்முடையது என்று மகிழலாமா? 2022இல் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் 146 அடியில் எழுந்தான். பத்துமலைச் சிலையைக் கண்டு எழுந்த ஆவல் அது. வடித்தவரும் அதே சிற்பி. அவ்விரண்டின் நிழற்படங்களையும் அருகருகே வைத்தால், பாடல் முகப்புகளில் எது எந்த ஊர் என்று சொல்ல நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து நம்மிடம் வந்த படம், உருவில் வளர்ந்து, வந்த வழியே திரும்பிவிட்டது. அந்த ஐந்தாம் ஆண்டு மாணவனின் ‘எல்லாம் ஒரே தட்டா?’ என்னும் வினா இப்போது இரு நாடுகளுக்கும் பொருந்துகிறது.

இக்கருத்தை ஒரு பயிற்சிப் பட்டறையில் கூறியபோது, மூத்த தமிழாசிரியர் ஒருவர் மறுத்துரைத்தார். “வணங்குபவனுக்கு ஊரா முக்கியம்? எங்கும் உள்ளவனை எங்கும் ஒன்றுபோல் எழுதுவதில் பிழை என்ன?” என்றார். நல்ல மறுப்பு. நான் அவரிடம் திருப்பிக் கேட்டது இதுதான்: எங்கும் ஒன்றுபோல் உள்ளவனைப் பார்க்கவா காவடியைத் தூக்கிக்கொண்டு அத்தனை படி ஏறுகிறோம்? தோட்டத்துக் கோயிலிலேயே இறக்கிவிடலாமே. ஏறுகிறோம் என்றால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைத்தான் நான் உறையில் தேடுகிறேன். அவர் சிரித்துவிட்டு, தேநீர் ஆறுகிறது என்றார். எங்கள் வழக்கு இன்னும் தீரவில்லை.

ஓவியப் பாடத்தில் ‘பத்துமலை’ என்று தலைப்புக் கொடுத்துப் பார்க்குமாறு என் பள்ளி ஆசிரியர்களிடம் கூறியிருந்தேன். பெரும்பாலோர் மஞ்சள் வண்ணக்கோலையே முதலில் எடுத்தனர். சிலை, அருகே பலநிறப் படி, இரண்டு குரங்கு. குகை வரைந்தோர் மிகச் சிலர். அவர்களும் அதனை ஒரு கரும்புள்ளியாகச் சிலையின் தோள்மேல் வைத்தனர். இவர்கள் அனைவரும் அங்குப் போய் வந்தவர்கள். கண்டதை வரையவில்லை; கைப்பேசியில் பாடலோடு தோன்றும் கட்டைவிரல் நகத்தளவுப் படத்தை வரைந்தார்கள். அந்த நகத்தளவில் பொன்னிறம் ஒன்றே தெரியும். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை.

என் சேகரிப்பில் விதிவிலக்கு ஒன்று உண்டு. எண்பதுகளில் உள்ளூரில் பதிவான ஒலிப்பேழை. கிள்ளானில் பழைய பொருள்களுக்கிடையே கிடைத்தது. பாடகர்கள் கோயில் பசனைக் குழுவினர், இசையும் சுமார்தான். வண்ண ஓவியத்துக்குப் பணமில்லாமையால் யாரோ தம் சொந்த நிழற்படக் கருவியால் எடுத்த படத்தையே முகப்பில் போட்டிருக்கிறார்கள். குகைக்குள்ளே நின்று வெளியை நோக்கி எடுத்தது. நாற்புறமும் இருள், நடுவே வெளிச்சம் மட்டும் வேலின் இலைபோல் கிழிந்து நிற்கிறது. அவ்வெளிச்சத்தின் அடியில் எறும்பளவில் ஒரு காவடி. தூக்கியவர் முகம் தெரியவில்லை. அச்சில் நிறங்கள் சற்று விலகியிருப்பதால் காவடியின் விளிம்பில் சிவப்பு கசிந்திருக்கிறது. முருகன் படம் அதில் இல்லை. அதனை மாணவரிடம் நீட்டி, எந்த ஊர் என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.